செத்தவீடு சொல்ல வருபவர்

அவர் எங்கள் வீட்டுக்கு வந்து விறாந்தையில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டால் அம்மாவுக்கு நிம்மதி. ஊரில் ஒருவரும் சாகவில்லை என்று அர்த்தம். உடனே அடுப்படிக்குப் போய்த் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைப்பாள். படலைக்கு வெளியே சைக்கிளைப் பிடித்தபடி நின்று மணியை ஒருதரம் அடித்தால்தான் ஆபத்து. அப்போது அம்மா அகப்பையைப் போட்டுவிட்டு, "ஆர் அண்ணை?" என்று கேட்டுக்கொண்டே ஓடுவாள்.

செத்தவீடு சொல்வது எங்கள் பக்கத்தில் முறையான காரியம். சொல்ல வருகிறவர் வளவுக்குள் வரமாட்டார், உட்காரமாட்டார், ஒரு செம்பு தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டார். போகும்போது "போட்டு வாறன்" என்றும் சொல்லமாட்டார். குனிந்த தலையோடு சைக்கிளில் ஏறிப் போய்விடுவார். கோப்பாயில் எங்கள் சொந்தத்துக்குள் இந்த வேலையை அவர்தான் செய்தார். ஒருவரும் அவரை நியமிக்கவில்லை. புகையிலையும் வாழையும் வைத்திருந்த தோட்டக்காரர். பாத்திகளுக்குத் தண்ணீர் மாறிக்கொண்டு நின்றாலும் ஆள் வந்து சொன்னால் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். எனக்குப் பெரியையா முறை. பெயரைச் சொல்லப்போவதில்லை. அவருடைய மகள் வெளிநாட்டில் பிள்ளைகளோடு நன்றாக இருக்கிறாள். தகப்பனைப் பற்றி நான் எழுதுவதை அவள் எப்படி எடுத்துக்கொள்வாளோ தெரியாது.

அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. செத்தவரின் முகத்தைத் தானே போய்ப் பார்க்காமல் அந்தச் செய்தியை ஒரு வீட்டுக்கும் கொண்டுபோகமாட்டார். ஆர் வந்து என்ன சொன்னாலும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்:

"நீ முகம் பாத்தனியோ?"

பார்க்கவில்லை என்றால் சைக்கிளை எடுத்துக்கொண்டு தானே போய்ப் பார்த்து வருவார். ஒருமுறை கொடிகாமத்தில் எங்கள் உறவுக்காரக் கிழவர் போய்விட்டார் என்று சந்தையிலிருந்து வந்த வியாபாரி ஒருவன் சொன்னான். அத்தனை தூரத்தையும் வெயிலில் மிதித்துக்கொண்டு போனார். பொழுதுபடத் திரும்பி வந்து, எங்கள் விறாந்தையில் உட்கார்ந்து, "கிழவன் முற்றத்திலை இருந்து மாம்பழம் சீவித் தின்னுது. எனக்கும் ரெண்டு துண்டு தந்தது," என்றார். அதற்குள் வியாபாரியின் பேச்சை நம்பி அழுது முடித்திருந்த என் சின்னம்மாவுக்குப் பெரிய அவமானமாகப் போய்விட்டது. அந்தக் கிழவர் உண்மையாகவே செத்தபோது சின்னம்மா அழவில்லை. ஒரு மனுசனுக்கு எத்தனை தரம்தான் அழுவது என்று கேட்டாள்.

ஏன் இப்படி ஓடித் திரிகிறீர்கள் என்று நான் கேட்டிருக்கிறேன். நான் அப்போது சங்கக்கடையில் சாமான் நிறுத்துக்கொடுக்கும் வேலையில் இருந்தேன். வாய் கொஞ்சம் நீளம்.

"வேறை எந்தக் கதையும் பிழைச்சா மாத்திச் சொல்லலாம் பிள்ளை. இது ஒருத்தியின்ரை தாலிக்கொடியைக் கழட்டிப்போட்டு மாத்திச் சொல்லேலுமே?" என்றார்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடியில் கொழும்பிலிருந்து கதைகள் வரத் தொடங்கின. அவருடைய தம்பி குடும்பம் அங்கே இருந்தது. வீட்டோடு சேர்த்துக் கொளுத்திவிட்டார்கள், ஒருவரும் மிச்சமில்லை என்று பஸ்ஸில் வந்த ஒருவர் சொன்னார். எரிந்து கிடந்த அந்த வீட்டைத் தன் கண்ணால் கண்டதாகவும் சொன்னார். அவர் பெண்சாதி, என் பெரியம்மா, தலையில் அடித்துக்கொண்டாள். அவர் அவளை அதட்டினார். "சும்மா இரு. வீட்டைத்தான் கண்டவன். முகத்தைக் காணேல்லை." அகதிகளை ஏற்றிய கப்பல் காங்கேசன்துறைக்கு வருகிறது என்று கேள்விப்பட்ட ஒவ்வொரு நாளும் துறைமுகத்தில் போய் நின்றார். ஒரு கப்பலில் தம்பி பெண்சாதியும் இரண்டு பிள்ளைகளும் வந்தார்கள். தம்பி வரவில்லை. பெண்சாதி தன் கண்ணால் கண்டதைச் சொன்ன பிறகுதான் அவர் வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டது. பிள்ளைகள் இருவரையும் சைக்கிளின் முன்னுக்கும் பின்னுக்கும் ஏற்றிக்கொண்டு அவர் ஒழுங்கைக்குள் வந்ததை நான் பார்த்தேன். அழுதுகொண்டே மிதித்தார்.

அதன் பிறகு வந்த வருசங்களில் கதைகளுக்குக் குறைவேயில்லை. மின்சாரம் இல்லை. பற்றரி இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சில்லைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டோம். கொழும்பு றேடியோ தங்கள் குண்டில் ஒரு பொதுசனமும் சாகவில்லை என்று சொல்லும். ஊரை ஆண்ட இயக்கத்தின் ஒலிபெருக்கி வாகனம், செத்த ஆமியின் கணக்கைச் சொல்லிக்கொண்டு போகும். இரண்டுக்கும் நடுவில் நாங்கள் வரிசையில் நின்றோம். சங்கக்கடை வரிசை இருக்கிறதே, அதைப்போல வதந்தி வளருகிற இடம் வேறில்லை. முன்னுக்கு நிற்பவளுக்குச் சொன்ன கதை பின்னுக்குப் போய்ச் சேரும்போது அதில் இரண்டு பேர் கூடச் செத்திருப்பார்கள்.

அவருக்கு அந்தச் சில்லறைக் கதைகளில் பயமில்லை. "உது சனத்தின்ரை பயம், தானாக் கிளம்புறது, தானா அடங்கும்," என்பார். அவர் பயந்தது வேறு வகைக் கதைகளுக்கு. ஒருநாள் மருதனார்மடம் சந்தை கால்மணி நேரத்தில் வெறுமையாகிப் போனது. ஆமி முகாமை விட்டு வெளிக்கிட்டுவிட்டான், வந்துகொண்டிருக்கிறான் என்று கதை. கத்தரிக்காயையும் தராசையும் அப்படியே விட்டுவிட்டு ஓடினார்கள். ஆமி வரவில்லை. படங்கு போட்டு மூடிய இயக்கத்தின் லொறிகள் நாலைந்து அந்த வெறும் சந்தியால் போயின. என்ன ஏற்றினார்கள், எங்கே கொண்டுபோனார்கள் என்று பார்க்க அங்கே ஒருவரும் இருக்கவில்லை.

மறுநாள் எங்கள் விறாந்தையில் இருந்து அவர் கணக்குப் பார்த்தார். "அதே நேரம் கோப்பாய்ச் சந்தியிலையும் அதே கதை. கொடிகாமத்திலையும் அதே கதை, அதே சொல்லு. உண்மையெண்டா ஓரிடத்திலை துவங்கி, சைக்கிளிலை ஏறி, ஆறுதலாத்தான் வரும். உது எல்லாச் சந்தியிலையும் ஒரே நேரத்திலை இறங்கியிருக்கு. ஆரோ கொண்டுவந்து இறக்கியிருக்கினம்."

"ஏன் பெரியையா? விலகி நில்லுங்கோ எண்டு சொல்லியிருக்கலாமே?"

"விலத்து எண்டா சனம் ஏன் எண்டு கேக்கும். ஆமி வாறான் எண்டா கேக்குமே?"

மற்றப் பக்கமான ஆமியும் சளைத்ததில்லை. ஹெலியிலிருந்து நோட்டீஸ் போடுவார்கள். கோயில்களில் போய் இருங்கள், அங்கே உங்களுக்கு ஒன்றும் நடக்காது என்று அச்சடித்த தமிழில் இருக்கும். அதை நம்பிக் கோயிலுக்குப் போனவர்களில் சிலருடைய செத்தவீட்டையும் அவர்தான் சொல்லித் திரிந்தார். ஒரே நாளில் ஏழெட்டுப் படலைகளில் நின்றார். 

இப்போது குகனின் கதைக்கு வருகிறேன். எங்கள் பக்கத்து வளவில் ஒரு மாமி இருந்தாள். புருசன் இல்லை. ஒரே மகன் குகன். மருதனார்மடத்தில் றேடியோ திருத்தும் கடை வைத்திருந்தான். திருத்த வந்த றேடியோக்களில் எல்லா நிலையமும் கேட்பான். ஒரு முகாம் சண்டையில் செத்த இயக்கப் பெடியளின் தொகை ஒலிபெருக்கியில் சொன்னதைவிட அதிகம் என்று கடையில் யாரிடமோ சொல்லியிருக்கிறான். இயக்கத்தார் விசாரணைக்கு என்று கூட்டிக்கொண்டு போனார்கள். ஒரு கிழமையில் விடுவார்கள் என்றார்கள். மாதங்கள் போயின.

மாமி காலையில் சமைத்துவிட்டு இயக்கத்தின் அலுவலகக் கேற்றடிக்குப் போய் நிற்பாள். பின்னேரம் திரும்பி வருவாள். கத்தமாட்டாள், கெஞ்சமாட்டாள், வெறுமனே நிற்பாள். பிறகு அவளோடு நிற்கப் பிள்ளைகளை இயக்கம் கொண்டுபோன வேறு தாய்மாரும் வந்தார்கள். ஐந்து பேர் பத்துப் பேரானார்கள். தெருவால் போகிறவர்கள் சைக்கிளை மெதுவாக்கி அவர்களைப் பார்த்துக்கொண்டு போனார்கள். அதுதான் இயக்கத்துக்குப் பொறுக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை சங்கக்கடை வரிசையில் கதை இறங்கியது. குகன் தப்பி ஓடிவிட்டான், கொழும்பில் ஆமியோடு நிற்கிறான், முகத்துக்குச் சாக்குப் போட்டுக்கொண்டு தலையாட்டி ஆட்களைப் பிடித்துக்கொடுக்கிறான். எல்லாச் சந்தியிலும் அன்றைக்கே அதே கதை. இதைக் கட்டியவனின் மூளையை நினைக்க இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்ற ஆசையையும், துரோகியாகிவிட்டான் என்ற வெட்கத்தையும் ஒரே பொட்டலத்தில் கட்டித் தாயின் கையில் கொடுக்கிறார்கள். இரண்டில் எதை எடுத்தாலும் அவள் கேற்றடிக்குப் போகமாட்டாள்.

ஆனால் மாமி அடுத்த நாளும் போனாள். "உதெல்லாம் சந்திக் கதை. அண்ணை வந்து சொல்லட்டும், நம்புறன்," என்று வேலிக்கு மேலால் எனக்குச் சொன்னாள். அண்ணை என்றது பெரியையாவை. எனக்கு மட்டுமா சொன்னாள், எல்லோருக்கும் சொன்னாள். அது போகவேண்டிய காதுக்கும் போனது.

இயக்கத்தின் பகுதிப் பொறுப்பாளர் பெரியையா வீட்டுக்கு வந்தார். இருபத்தைந்து வயதுகூட இராது. அங்கே நடந்த பேச்சைப் பெரியையாவே பிறகு எனக்குச் சொன்னார்.

"ஐயா, குகன்ரை தாயிட்டை ஒருக்காப் போய்ச் சொல்லிவிடுங்கோ. அவன் கொழும்பிலை நிக்கிறான் எண்டு."

"கண்டது ஆர் தம்பி?"

"அது உங்களுக்குத் தேவையில்லாத கதை."

"நான் முகம் பாக்காமச் சொல்லுறேல்லை."

"அதுதான் ஐயா உங்களிட்டை வந்தனான். மைக்கிலை கத்தினா ஒரு காதாலை கேட்டு மற்றக் காதாலை விடுகினம். நீங்கள் சொன்னா நம்புவினம்."

"பெடியன் உயிரோடை இருக்கிறானோ?"

 பொறுப்பாளர் கதிரையின் கையை நகத்தால் சுரண்டிக்கொண்டு இருந்தாராம். எழும்பும்போது, "மகளின்ரை பாஸ் என்னட்டைத்தான் கிடக்கு ஐயா," என்று மட்டும் சொன்னார்.

குடாநாட்டை விட்டு வெளியே போக அந்தப் பாஸ் வேண்டும். மகளுக்குக் கனடாவில் சம்பந்தம் பேசி முடிந்து, கொழும்புக்குப் போவதற்காக ஆறு மாதமாகக் காத்திருந்தாள். அவருக்கு அவள் ஒரே பிள்ளை. பெடியன் இல்லாத வீடுகளில் பெண்பிள்ளைகளை இயக்கத்துக்குக் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

இரண்டு நாள் தோட்டத்துக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் பின்னேரம் மாமியின் படலையில் மணி கேட்டது. நான் வேலியோரம் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றேன். அவர் படலைக்கு வெளியே நின்றார். ஒழுங்கை முடக்கில் இரண்டு பெடியள் ஒரு சைக்கிளில் காலூன்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தங்கச்சி, குகன் கொழும்பிலை நிக்கிறானாம்," என்றார். 

"உள்ளை வாங்கோ அண்ணை. இருங்கோ."

"இல்லை. நான் போறன்."

சைக்கிளைத் திருப்பினார்.  வாய் ஒன்று சொல்ல, நின்ற நிலை வேறொன்று சொல்கிறது. எதிர்வீட்டு வாசலில் நின்ற கிழவி வாயைப் பொத்திக்கொண்டாள். பெடியளுக்கு அது விளங்கவில்லை. மாமிக்கு விளங்கியது. ஒரு நிமிசம் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே ஓடிப்போய் செம்பில் தண்ணீரோடு படலைக்கு ஓடி வந்தாள்.

"அண்ணை! தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஒரு மிடறு அண்ணை. ஒரே ஒரு மிடறு." செம்பைப் படலைக்கு மேலால் நீட்டினாள். சைக்கிளில் நின்ற பெடியள் காலை எடுத்துக் கொஞ்சம் கிட்ட வந்தார்கள்.

அவர் பெடியளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு செம்பை வாங்கி அண்ணாந்து முழுவதையும் குடித்தார். கடைவாயால் தண்ணீர் வடிந்து சால்வை நனைந்தது. செம்பைத் திருப்பிக் கொடுத்து, "போட்டு வாறன் தங்கச்சி," என்றார். மாமியின் முகம் மலர்ந்தது. அந்த முகத்தை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

அன்றைக்கே அவர் வீட்டுக்குப் போய்ச் சண்டை பிடித்தேன். பெரியம்மா கையைப் பிடித்து இழுத்தும் நான் நிற்கவில்லை. "உங்களுக்கு உண்மை தெரியுமோ, தெரியாதோ?" என்று கேட்டேன்.

"அந்தப் பொறுப்பாளப் பெடியன்ரை முகத்திலை தெரிஞ்சுது பிள்ளை. சாவை அறிஞ்ச ஆக்களை நான் எத்தினை வருசமாப் பாக்கிறன்."

"பிறகேன் குடிச்சனீங்கள்?"

 "நான் குகன்ரை முகம் பாக்கேல்லைத்தானே," என்றார். அவரிடம் நான் கேட்ட முதல் சப்பைக்கட்டு அது. அவருடைய நேர்மையே அவருக்கு ஒளிந்துகொள்ள இடம் கொடுத்ததைப் பார்க்க எனக்குக் கோபம் போய் அழுகை வந்துவிட்டது.

மகளுக்கு அந்தக் கிழமையே பாஸ் கிடைத்தது. மாமி கேற்றடிக்குப் போவதை நிறுத்தினாள். மற்றத் தாய்மாரும் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். தங்கள் பிள்ளைகளும் எங்கேனும் இருக்கக்கூடும் என்று நினைத்திருப்பார்கள். ஊரில் சிலர் மாமியோடு கதைப்பதை விட்டார்கள், துரோகியின் தாய் என்று. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. "என்னவெண்டாலும் உயிரோடை இருக்கிறான்," என்பாள். குகனின் சேட்டுகளைத் தோய்த்து, மடித்து, மறுபடி தோய்ப்பாள். அவர் அதன் பிறகு ஒரு படலையிலும் நிற்கவில்லை. யாரேனும் வந்து செத்தவீடு சொல்லக் கேட்டால் முழங்கால் வருத்தம் என்று சொல்லி அனுப்பிவிடுவார்.

தொண்ணூற்று ஐந்தாம் ஆண்டு, ஐப்பசி மழைக்குள், ஊரை விட்டு எல்லோரும் வெளிக்கிடச் சொல்லி ஒலிபெருக்கி வாகனம் வந்தது. ஆமி கிட்ட வந்துவிட்டான், நின்றால் ஒருவரும் மிஞ்சமாட்டீர்கள் என்றது. ஷெல் சத்தமும் கேட்டது. இதில் எது உண்மை, எது இறக்கிய கதை என்று நின்று கணக்குப் பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை. சனம் முழுவதும் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. அம்மாவை ஒரு றக்டரில் ஏற்றிவிட்டு, நான் மறுநாள் காலை சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். ஒழுங்கையில் என்னையும் மாமியையும் தவிர ஆளில்லை. மாமி வெளிக்கிடமாட்டேன் என்றுவிட்டாள். "அவன் வந்து பாத்து, வீடு பூட்டிக் கிடந்தா எங்கை போவான்?"

அந்த நேரம் அவர் நனைந்துகொண்டு வந்தார். பெரியம்மாவை முன்னால் அனுப்பிவிட்டு, கைதடியிலிருந்து சனத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்திருந்தார். "நீயும் என்னோடை வா பிள்ளை. தனியப் போக ஏலாமக் கிடக்கு," என்றார். இருவரும் மாமியின் படலையைத் திறந்துகொண்டு உள்ளே போனோம்.

"தங்கச்சி, வெளிக்கிடு. குகன் இல்லை," என்றார். "அப்பவே இல்லை. நான் உனக்குப் பொய் சொன்னனான். என்ரை பெட்டைக்காகச் சொன்னனான். அவனைப் பாத்துக்கொண்டு இஞ்சை இராதை. வா."

மாமி அடுப்பில் உலை வைத்திருந்தாள். நெருப்பைத் தள்ளிவிட்டு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அதில் கோபம் இல்லை. சங்கக்கடையில் நிறுவை குறைகிறதா என்று பார்க்கும் பார்வைதான் இருந்தது.

"உங்களை இப்ப ஆர் அனுப்பினது அண்ணை?"

"ஒருத்தரும் அனுப்பேல்லை. சத்தியமா நானாத்தான் வந்தனான்."

"ஊரை வெறுமையாக்க வேணுமாம், ஒரு சனமும் நிக்கக்கூடாதாம் எண்டு கதைக்கினம். மைக்குக்கு நான் எழும்பேல்லை. அதுதான் உங்களை விட்டிருக்கினம். உங்களிலை பிழையில்லை அண்ணை. நெருக்கியிருப்பினம்."

அவர் ஈரத் தரையில் குந்தி, அவள் காலடியில் கையை வைத்து, அம்மாளாச்சியின் பேரிலும் கனடாவில் இருக்கும் தன் மகளின் பேரிலும் ஆணையிட்டார். நானும் அழுதுகொண்டே, "உண்மை மாமி, எனக்கும் தெரியும்," என்றேன். அவள் என் பக்கம் திரும்பவேயில்லை. ஷெல் ஒன்று கிட்ட விழுந்து ஓடு சரிந்தது. நான்தான் அவருடைய தோளைப் பிடித்து எழுப்பி இழுத்துக்கொண்டு வந்தேன். அந்தக் காலைக்குப் பிறகு அவளை நாங்கள் காணவில்லை. அவளுக்கு என்ன நடந்தது என்று சொல்ல ஆளில்லை. கதைகள் மட்டும் நாலைந்து விதமாக உண்டு.

அன்றைக்கு நாங்கள் படலையடிக்கு வந்த பிறகு அவள் மழைக்குள் ஓடி வந்து அவரைக் கூப்பிட்டாள். மனம் மாறிவிட்டாள் என்று நினைத்தேன்.

"அண்ணை, போற வழியிலை அவனைக் கண்டியளெண்டா, அம்மா வீட்டிலைதான் இருக்கிறா எண்டு சொல்லிவிடுங்கோ. நீங்கள் சொன்னா நம்புவான்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. "ஓம் தங்கச்சி, சொல்லுறன்," என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் தள்ளத் தொடங்கினார்.